முதலில் ராஜாவின் கட்டங்கள்

சில மாதங்களாகச் சதுரங்கத்தில் செக்மேட் புதிர்களை மட்டுமே தீர்த்து வருகிறேன். ராஜாவைத் தாக்குவது செக், அதிலிருந்து அவர் தப்ப வழியே இல்லாவிட்டால் செக்மேட், சுருக்கமாக மேட். "செக், வெட்டு, மிரட்டல் என்ற வரிசையில் தேடு" என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது. நல்ல பாடம்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலையைச் சேர்த்துக்கொண்டேன். எதிரி ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்: எது அவருடைய சொந்தக் காயால் அடைபட்டிருக்கிறது, எது என் காயின் பிடியில் இருக்கிறது, எது திறந்திருக்கிறது?

1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் சதுரங்க மேதை பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தின் முடிவைப் பலகையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் இதன் அருமை புரிந்தது. கறுப்பு ராஜா இ8-இல் (எழுத்து மேல்கீழான வரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). எஃப்8-இல் சொந்த பிஷப், எஃப்7-இல் சிப்பாய், டி7-இல் குதிரை. இ7, டி8 இரண்டும் ஜி5-இல் நிற்கும் வெள்ளை பிஷப்பின் பிடியில். ஆக, ராஜாவுக்குப் போக ஓரிடமும் இல்லை. தேவைப்படுவது ஒரு செக் மட்டுமே. டி வரிசையில் யானை காத்திருக்கிறது, குறுக்கே நிற்பது அந்தக் குதிரை. அதை நகர்த்தத்தான் ராணி பி8-க்குப் போய் உயிரைக் கொடுக்கிறாள். குதிரை வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் யானை டி8, மேட். கட்டங்களை எண்ணிவிட்டால் இந்த ராணித் தியாகம் கணக்காகவே வந்து நிற்கிறது. அதனால் அதன் அழகு குறையவில்லை, எனக்குக் கூடியது.

1910-இல் வியன்னாவில் ரிச்சர்ட் ரெட்டி, டார்டகோவர் என்ற ஆட்டக்காரரை வீழ்த்திய 11 நகர்வு ஆட்டம் இன்னொரு பாடம். ராணியை டி8-இல் கொடுத்து ராஜாவை அங்கே இழுத்த பின், பிஷப் ஜி5-க்கு வர, யானையும் பிஷப்பும் சேர்ந்து இரட்டைச் செக். இரட்டைச் செக்கில் வெட்டுவதும் குறுக்கே காய் வைப்பதும் பயன்படாது, ராஜா நகர்ந்தே தீர வேண்டும். இ8-க்குப் போனால் யானை டி8-இல் மேட். சி7-க்குப் போனால் பிஷப் டி8-இல் மேட். இரண்டு கிளைகளையும் தாளில் எழுதி முடிக்கும்வரை காயைத் தொடுவதில்லை என்பது என் விதி.

லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் வகை பிரித்துக் கிடைக்கும் புதிர்கள் தொடக்கத்துக்கு உதவின. சொந்தக் காய்களே சூழ்ந்து அடைத்த ராஜாவுக்குக் குதிரை கொடுக்கும் மேட் எல்லாம் இப்போது பார்த்தவுடன் பிடிபடுகிறது. ஆனால் வகையின் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது, ஆகவே கலவைப் புதிர்களுக்கு மாறிவிட்டேன்.

ராஜா வெளியே ஓடும் நிலைகளில் ஒவ்வொரு நகர்வுக்கும் புதிதாக எண்ண வேண்டியிருக்கிறது. 1912-இல் லண்டனில் எட்வர்ட் லாஸ்கர், தாமஸின் ராஜாவை ஜி8-இலிருந்து ஜி1 வரை இழுத்து வந்த ஆட்டத்தைப் பலகை இல்லாமல் மனத்திலேயே ஓட்டிப் பழகுகிறேன். 13-ஆம் நகர்விலிருந்து ஓடும் ராஜாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கட்டம்தான் மிஞ்சுகிறது. இது தெரிந்ததும் நீளம் பயமுறுத்துவதில்லை.

இன்னும் கடினமாக இருப்பவை செக் இல்லாத அமைதியான நகர்வுகள். 1991-இல் டில்பர்க்கில் ஷார்ட், டிம்மனுக்கு எதிராக ஆடியது இதற்கு உச்சம். வெள்ளை ராணி எஃப்6-இல். ஜி7-இல் மேட் கொடுக்க அவளுக்கு ஒரு துணை வேண்டும். அதற்காக வெள்ளை ராஜாவே எச்2, ஜி3, எஃப்4, ஜி5 என்று நடந்து போகிறார். எச்6 அடுத்த படி என்ற நிலையில் டிம்மன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இங்கே எண்ண வேண்டியது கூடுதலாக ஒன்று: மேட் விழவேண்டிய கட்டத்துக்கு யார் துணை வர முடியும்? இந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டு, செக்கில் தொடங்காத, மூன்று நகர்வில் முடியும் மேட் புதிர்களை இப்போது எடுத்திருக்கிறேன். வேகம் மிகவும் குறைந்துவிட்டது. ஒரே நிலையோடு ஒரு மாலை முழுவதும் போய்விடுகிறது, அதில் எனக்குக் குறையே இல்லை.