பெயின்டுக்கு எல்சிஏ முடித்தோம்: சப்ளையர் தரவில்தான் உயிர் போகும்

எங்கள் வாட்டர்பேஸ் சுவர் பெயின்டுக்கு எல்சிஏ (மூலப்பொருள் முதல் கழிவு வரை ஒரு பொருளின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடும் ஆய்வு) செய்து, அதை வைத்துத் தயாரித்த இபிடி (அந்தப் பாதிப்புகளைப் பொதுவில் வெளியிடும் அறிக்கை) ஒருவழியாகச் சரிபார்ப்பாளரின் ஒப்புதலோடு வந்துவிட்டது. இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்சிஏவுக்கான சர்வதேசத் தரநிலைகளான ஐஎஸ்ஓ 14040, 14044 படித்தவர்களுக்கு நோக்கம், எல்லை, மென்பொருள் எதுவும் புதிதல்ல. செயல்பாட்டு அலகை, அதாவது எந்த அளவுக்குப் பாதிப்பைக் கணக்கிடுகிறோம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் நிர்வாகம் கிலோ கணக்கில் கேட்டது. கிலோவில் பார்த்தால், மூன்று கோட் அடித்தாலும் சுவரை மூடாத மட்டமான பெயின்ட்கூட நல்லதாகத் தெரியும். ஒரு சதுர மீட்டர் சுவரை இத்தனை ஆண்டு மூடிக் காப்பது என்றுதான் நாங்கள் வைத்தோம்.

அப்புறம் தொடங்கியது தரவு வேட்டை. வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டைஆக்சைடின் கார்பன் சுமை, எடையில் அதன் பங்கைவிட மிகப் பெரியது. அது சல்பேட் முறையில் செய்ததா, குளோரைடு முறையில் செய்ததா என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். சப்ளையரிடம் அதைக் கேட்டால், ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் வந்தது. அது நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நிர்வாக முறைக்கான சான்று. ஒரு டன் தயாரிக்க எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அதில் இருக்காது. மறுபடியும் எழுதினோம், பாதுகாப்புத் தரவுத்தாள் (வேதிப்பொருளின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லும் தாள்) வந்தது. அதற்கு மேல் கேட்டால் "ஃபார்முலா ரகசியம்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். எரிச்சல் இன்னும் தீரவில்லை.

கடைசியில் பலித்த வழி இது. விற்பனைப் பிரிவை விட்டுவிட்டு, அவர்களின் உற்பத்திப் பொறியாளரைப் பிடித்தோம். ஃபார்முலா பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த முறை, டன்னுக்கு எவ்வளவு மின்சாரம், நீராவி, எரிபொருள், கழிவு என்று ஒரே பக்கப் படிவம், கூடவே ரகசியக்காப்பு ஒப்பந்தம். அவர் தயங்காமல் நிரப்பிக் கொடுத்தார். அன்றைக்கு வந்த நிம்மதி, இபிடி வந்தபோதுகூட இல்லை.

அடுத்தது எங்கள் ஆலையிலேயே. சால்வென்ட் பெயின்டுக்கும் இதற்கும் சேர்த்து ஒரே மின் மீட்டர். உற்பத்தி எடையை வைத்துப் பிரிக்கலாம் என்றார் ஆலோசகர். ஆனால் பிரித்து அளக்க முடிந்தால் அளப்பதுதான் 14044 சொல்லும் முதல் வழி, விகிதப் பங்கீடு அதற்குப் பிறகுதான். துணை மீட்டர் பொருத்தக் காசு கேட்டுச் சண்டை போட வேண்டியிருந்தது. போட்டதற்குப் பலன் உண்டு. சரிபார்ப்பாளர் முதலில் கை வைத்ததே அந்த எண்ணில்தான்.

பொருள் சமநிலையை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் எங்களுக்கு ஒத்துவரவேயில்லை. கலவைத் தொட்டிகளைக் கழுவும் தண்ணீர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் இருந்தது. அதைச் சேர்த்ததும் கணக்கு நேரானது.

இபிடி வந்ததும் விற்பனைப் பிரிவு, "போட்டியாளர் பெயின்டைவிட நம்முடையது பசுமையானது" என்று விளம்பரம் தயாரித்துவிட்டது. நிறுத்திவிட்டோம். பொதுவெளியில் அப்படி ஒப்பிட்டுச் சொல்ல, தனியாக ஒப்பீட்டு ஆய்வும், அதை அலசக் குறைந்தது மூன்று பேர் கொண்ட குழுவும் வேண்டும். இபிடி 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அடுத்த சுற்றுக்காக, அந்த ஒரு பக்கப் படிவத்தை இப்போதே கொள்முதல் ஆணையோடு இணைத்து அனுப்பத் தொடங்கிவிட்டோம்.