ஜிப்பர் கிழிஞ்ச ராக்கெட் ரெண்டாவது தடவை: எச் மோட்டார், 1,084 அடி, ஒரு குடை

போன தடவை என் மாடல் ராக்கெட்டை விட்டுட்டு வந்ததை நான் எங்கயும் எழுதவே இல்ல, ஏன்னா எழுதுற நிலைமைல இல்ல. 4 அங்குல அட்டை டியூப், பிளைவுட் ஃபின் (வால் இறக்கை), மூணு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து எப்பாக்ஸி போட்டு ஒட்டினது, மேல போனது என்னவோ அம்சமாத்தான் போச்சு, ஆனா பாராசூட் லேட்டா வந்து, அதை ராக்கெட்டோட இணைக்கிற ஷாக் கார்ட்ங்கிற கயிறு டியூபை மேலேர்ந்து ஒரு ஜாண் நீளத்துக்கு கிழிச்சிடுச்சு. இதுக்கு இந்த வட்டாரத்துல ஜிப்பர்னு பேர். பேக் ஜிப்பை திறந்தா எப்படி பிளக்குமோ அச்சு அசல் அப்படியே. பெரிய மோட்டார் வாங்கத் தேவையான லெவல் 1 சர்டிஃபிகேஷன் அங்கயே போச்சு, அதுக்கு ராக்கெட் திரும்ப பறக்கிற நிலைமைல கைக்கு வந்து சேரணும்.

தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா. மாடல் ராக்கெட் மோட்டாருக்கு எழுத்து வரிசைல பேர், ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த உந்துவிசையோட (சராசரி தள்ளு விசையை எரியிற நேரத்தால பெருக்கினது) மேல் வரம்பு ரெண்டு மடங்காகும். ஏ-ன்னா 2.5 நியூட்டன் செகண்ட் வரைக்கும், பி 5, சி 10, இப்படியே போயி எச் வரும்போது 320. 160-ஐ தாண்டிட்டா ஹை பவர், அதுக்கு மேல மோட்டார் வாங்கணும்னா என்.ஏ.ஆர் இல்ல டிரிபோலி மாதிரி அமெரிக்க ராக்கெட் ஆர்வலர் அமைப்புல சர்டிஃபிகேட் வேணும், 18 வயசு ஆகியிருக்கணும். லெவல் 1-ல எச்சும் ஐயும், லெவல் 2-ல ஜே, கே, எல், அதுக்கு மேல எல்லாம் லெவல் 3. நமக்கு இப்போதைக்கு எச் போதும்டா சாமி.

சரி இந்த தடவை என்ன மாத்தினேன்னா, முதல்ல கிழிஞ்ச இடத்தை நேரா வெட்டி எடுத்துட்டு உள்ள ஒரு கப்ளர் (இணைப்பு டியூப்) வச்சு புது துண்டு ஒட்டினேன். ஷாக் கார்டை கெவ்லார் ஆக்கி ராக்கெட் நீளம் மாதிரி 4 மடங்கு விட்டேன், டியூப் வாயில உரசுற இடத்துல ஒரு ஸ்பாஞ்ச் பந்தை கோத்து விட்டேன். ஆனா உண்மையான தப்பு இது எதுவுமே இல்ல, டிலே தான். மோட்டார் எரிஞ்சு முடிஞ்சதும் ராக்கெட் சும்மா அந்த வேகத்தோட உந்துதல்லயே மேல போயிட்டு இருக்கும், அந்த நேரத்துல மோட்டாருக்குள்ள டிலேங்கிற துண்டு மெதுவா எரிஞ்சுட்டு வந்து, கடைசியா கொஞ்சம் கருமருந்தை பத்தவச்சு பாராசூட்டை வெளிய தள்ளும். என் ராக்கெட்டுக்கு உச்சிக்கு போக 7 நொடி, நான் போன தடவை 10 நொடி டிலேயை அப்படியே வச்சு விட்டுட்டேன். 3 நொடி தானேன்னு தோணும். அந்த 3 நொடில அது மூக்கு குப்புற திரும்பி மணிக்கு கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் வேகத்துல விழுந்துட்டு இருக்கும், அப்ப பாராசூட்டை விரிச்சா அட்டை என்ன பண்ணும் பாவம். ராக்கெட் எப்படி பறக்கும்னு முன்கூட்டியே கணக்கு போட்டு காட்டுற ஓப்பன்ராக்கெட் சாஃப்ட்வேர் ஓசியில கிடைக்குது, அதுல போட்டு பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நான் அதுல உயரத்தை மட்டும் பாத்து சந்தோஷப்பட்டுட்டு மூடிட்டேன்.

இந்த தடவை ராக்கெட் விடுற மைதானத்துக்கு குடும்பத்தோட போனோம், ஊர்லேர்ந்து வந்திருந்த எங்கப்பா உட்பட. மூத்தவ கைல செக்லிஸ்ட், நாலு பக்கம், அவளே எழுதினது. சின்னவனுக்கு அவனோட குட்டி ராக்கெட். மனைவிக்கு மடக்கு நாற்காலியும் தொப்பியும். அப்பா வெயிலுக்கு அவரோட நீளக் குடையை எடுத்துக்கிட்டார். பாதி வழில மாஸ்கிங் டேப் எடுக்கலைன்னு ஞாபகம் வந்துச்சு, நாலு பக்க லிஸ்ட்ல அது இல்ல, மூத்தவ முகம் போன போக்கை பாக்கணும்.

மைதானம் கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வெட்டவெளி. நடத்துறவங்க விமானத்துறை கிட்ட அன்னிக்கு வான்வெளிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி வச்சிருப்பாங்க, அனுமதிச்ச உயரத்துக்கு மேல போகக்கூடாது. காத்து மணிக்கு 32 கிலோமீட்டரை தாண்டினா அன்னிக்கு கடையை கட்டிடணும், நாங்க போனப்ப 15 மாதிரி இருந்துச்சு.

சின்னவன் முதல்ல விட்டான், சி6-5. சி வகை, சராசரி 6 நியூட்டன், 5 நொடி டிலே, அவ்வளவுதான் அந்த பேருக்கு அர்த்தம். சொய்ங்னு போயி புள்ளியாயி, பாராசூட்டுக்கு பதிலா இருக்கிற ஸ்ட்ரீமர் ரிப்பன் விரிஞ்சு வந்துச்சு, ஓடிப்போயி எடுத்துட்டு வந்தான். "அப்பா உன்னோடது இதைவிட எத்தனை மடங்கு?"ன்னு கேட்டான். சி-லேர்ந்து எச்-க்கு அஞ்சு படி, ரெண்டை அஞ்சு தடவை பெருக்குனு மூத்தவ சொல்லி, விரல் விட்டு எண்ணி 32-ன்னு கண்டுபிடிச்சான். வரம்பை வச்சு பாத்தா அப்படி, நான் போட்டது எச்128, அது எச் வகையோட அடிவாரம், சுமார் 170 தான். அதை அவன்கிட்ட சொல்லல, 32-லயே குஷியா இருந்தான்.

மோட்டார் கட்டுறது தான் எனக்கு பிடிச்ச வேலை. அலுமினிய கேஸிங் திரும்ப திரும்ப பயன்படும், உள்ள போற மருந்து மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு. அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர்ல கலந்து உருளையா வார்த்திருப்பாங்க, நடுவுல ஓட்டை. தொட்டா பென்சில் ரப்பர் மாதிரி தான் இருக்கும். ஓ ரிங் (ரப்பர் வளையம்) ஒவ்வொண்ணுக்கும் கிரீஸ் தடவி, வரிசை மாறாம உள்ள விட்டு, ரெண்டு பக்கமும் திருகி மூடணும், ஒரு ஓ ரிங் மறந்தா நெருப்பு வேற வழி தேடிக்கும். டிலேயை மறக்காம ட்ரில் டூலால 2 நொடி அளவுக்கு குடைஞ்சு 8 ஆக்கினேன். உச்சி தாண்டி 1 நொடில பாராசூட் வரணும், அது பரவால்ல. அப்பா பக்கத்துல உக்காந்து ஒண்ணும் பேசாம பாத்துட்டே இருந்தார். கடைசில, "இவ்வளவு பண்றே, எரியிறது எவ்வளவு நேரம்?"ன்னார். ஒண்ணேகால் நொடிக்கு கொஞ்சம் மேலன்னேன். குடையை அந்தப்பக்கம் திருப்பி வச்சுக்கிட்டார்.

அப்புறம் பாதுகாப்பு அதிகாரி மேஜை. இவர் ஓகே சொல்லாம ஒரு ராக்கெட்டும் பேடுக்கு, அதாவது கிளம்புற மேடைக்கு, போக முடியாது. ஃபின் ஒவ்வொண்ணையும் பிடிச்சு ஆட்டினார், ஷாக் கார்டை இழுத்து பாத்தார், மோட்டார் பின்பக்கமா கழண்டு வராம பிடிமானம் இருக்கான்னு பாத்தார். ஈர்ப்பு மையம் எங்க, அழுத்த மையம் (காத்தோட விசை எல்லாம் சேர்ந்து வேலை செய்ற புள்ளி) எங்கன்னு கேட்டார். ஈர்ப்பு மையம் எப்பவும் முன்னாடி இருக்கணும், குறைஞ்சது டியூபோட ஒரு விட்டம் அளவுக்காவது, இல்லன்னா ராக்கெட் மேல போகாம கிறுகிறுன்னு சுத்தும். என்னோடதுல ஆறரை அங்குலம், அதாவது 1.6 விட்டம். எடை மோட்டாரோட ஒன்றரை கிலோ, தள்ளு விசை 128 நியூட்டன், எடையைப் போல எட்டு மடங்குக்கு மேல வருது, 5 மடங்கு இருந்தாலே விடலாம். எல்லாம் ஒப்பிச்சேன், தலையாட்டினார், அப்புறம் ரெயில் பட்டனை ரெண்டு விரலால தொட்டார், அது லொடலொடன்னு ஆடுது. அது வழியாத்தான் ராக்கெட் ரெயில்ல நேரா வழுக்கிட்டு மேல போகணும். மானம் போச்சு. ஸ்க்ரூ டிரைவர் அவர் மேஜைலயே கட்டி தொங்க விட்டிருந்தார், என்னை மாதிரி நிறைய பேர் வருவாங்க போல.

பேட்ல ரெயில்ல ஏத்தி நிறுத்தியாச்சு, மோட்டாரை பத்தவைக்கிற இக்னைட்டரை கைல எடுத்துட்டேன், அப்ப மூத்தவ லிஸ்டை பாத்துட்டு "அப்பா, பீப் கேக்கலையே"ங்கிறா. உயரத்தை அளக்குற ஆல்டிமீட்டர் ஆன் பண்ணவே இல்ல! பறந்திருந்தா பறந்த உயரமே தெரிஞ்சிருக்காது. இக்னைட்டரை கீழ வச்சுட்டு முதல்ல அதை ஆன் பண்ணி, பீப் கேட்டப்புறம் தான் இக்னைட்டர், அது எப்பவுமே கடைசி வேலை.

30 மீட்டர் தள்ளி வந்து நின்னோம், எச்-க்கு குறைஞ்சது அவ்வளவு தூரம். 5, 4, 3, 2, 1. லேசா புஸ்னு ஒரு புகை. அவ்வளவுதான். ராக்கெட் கல்லு மாதிரி நிக்குது. உடனே ஓடக்கூடாது, கன்ட்ரோலரோட சாவியை எடுத்துட்டு 60 நொடி காத்திருக்கணும், அந்த ஒரு நிமிஷம் இருக்கே, சின்னவன் சத்தமா எண்ண ஆரம்பிச்சுட்டான், 37-க்கு அப்புறம் திரும்ப 31-க்கு போனான். போயி பாத்தா இக்னைட்டர் ஒரு அங்குலம் கீழ நழுவியிருக்கு, டேப் சரியா ஒட்டல, பக்கத்துல இருந்தவர்கிட்ட கடன் வாங்கின டேப், குத்தம் சொல்லவும் முடியாது. இந்த வகை மோட்டார் மேல் நுனிலேர்ந்து பத்தணும், அப்பதான் நெருப்பு ஓட்டை வழியா கீழ வரைக்கும் பரவும். புது இக்னைட்டரை முட்டுற வரைக்கும் விட்டு, மோட்டார் வாய் இருக்கிற இடத்துல ஒயர் மேல மார்க்கர்ல கோடு போட்டேன், நழுவினா கண்ணுக்கு தெரியும்.

ரெண்டாவது கவுன்ட். இந்த தடவை படக்குனு ஒரு வெள்ளை நெருப்பு, துணி கிழியிற மாதிரி சத்தம், நான் கண்ணை சிமிட்டி திறக்கிறதுக்குள்ள ரெயில் காலி. வெள்ளைப் புகை ஒரே நேர்க்கோடா மேல நிக்குது, சத்தம் நின்னு போச்சு, ராக்கெட் மட்டும் இன்னும் ஏறிட்டே இருக்கு. நான் வாய்க்குள்ள எண்றேன். அஞ்சு. ஆறு. ஏழு. மூக்கு லேசா சாயுது. எட்டு. மேல ஒரு குட்டி வெள்ளை புகை, சத்தம் அதுக்கப்புறம் தான் டப்புனு காதுக்கு வருது, ஆரஞ்சு கலர் பாராசூட் முதல்ல சுருண்டு கிடந்து, அப்புறம் மொட்டு மாதிரி விரிஞ்சுது. என் மனைவி நாற்காலிலேர்ந்து எந்திரிச்சு நிக்கிறா. "ஏங்க, இந்த தடவை கிழியலைங்க!"ன்னு 300 மீட்டர் உயரத்துல இருக்கிறதை பாத்து சொல்றா, எப்படி தெரிஞ்சுதோ.

3 அடி பாராசூட், நொடிக்கு 6 மீட்டர் வேகத்துல இறங்கும், அப்ப இறங்க கிட்டத்தட்ட ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷமும் காத்து தள்ளிட்டே இருக்கும். இடுப்பளவு புல்லு இருக்கிற பக்கமா போயி மறைஞ்சுது. நான் அந்த திசையை பாத்து ஓட கிளம்பினேன். அப்பா "நில்லுடா"ன்னார். வேலைல இருந்த காலம் முழுக்க நிலம் அளந்தவர். "ஒரு இடத்துலேர்ந்து பாத்தா திசை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது"ன்னுட்டு குடையை மடக்கி, ராக்கெட் மறைஞ்ச இடத்தை நோக்கி துப்பாக்கி மாதிரி நீட்டிட்டு அசையாம நின்னார். அறுபது மீட்டர் தள்ளி நின்னுட்டிருந்த மூத்தவகிட்ட, நீ பாத்த இடத்தை கை நீட்டி பிடிச்சுக்கோ, கையை இறக்காதேன்னு கத்தினார். நான் குடை காட்டின கோட்டுலயே நடக்கணும், அவ கை காட்டுற கோட்டுக்குள்ள நான் வந்ததும் இன்னொரு கையை தூக்குவா. இருநூறு மீட்டருக்கு மேல நடந்திருப்பேன், கை தூக்கினா. சுத்தி வெறும் புல்லு, ஒண்ணும் காணோம். சின்னவன் தான் "பீப் கேக்குது"ன்னான். பத்தடி தள்ளி கிடந்துச்சு.

ஆல்டிமீட்டர் உயரத்தை பீப் பீப்னு ஒவ்வொரு இலக்கமா சொல்லும், பூஜ்யத்துக்கு பத்து பீப். சின்னவன் புல்லுல மண்டி போட்டு எண்ணி, "ஒண்ணு, பத்து, எட்டு, நாலு"ன்னு அறிவிச்சான். பத்தை பூஜ்யம் ஆக்கினா 1,084 அடி, 330 மீட்டர். சாஃப்ட்வேர் சொன்னது 1,140. பெயின்ட் அடிச்ச லட்சணத்துக்கு இது தாராளம்.

டியூப் வாயில ஒரு கீறல் கூட இல்ல. ஒரு ஃபின் ஓரத்துல பெயின்ட் உதிர்ந்திருக்கு, பாராசூட்டை சுத்தியிருந்த நெருப்பு தாங்குற துணி கொஞ்சம் கருகியிருக்கு, அதோட வேலையே அதுதான். அதிகாரி திருப்பி திருப்பி பாத்துட்டு கையெழுத்து போட்டார். லெவல் 1 ஆச்சு.

அன்னிக்கு இன்னொருத்தரோட பெரிய ராக்கெட் ஒண்ணு பாராசூட் வராம ஈட்டி மாதிரி இறங்குச்சு, மைக்ல கத்தினதும் மைதானமே எந்திரிச்சு நின்னு மேல பாத்துச்சு, தூரத்துல தான் விழுந்துச்சு, ஆனா தரைல பாதி டியூப் புதைஞ்சு நின்னதை பாத்தப்புறம் சின்னவன் அடுத்த கவுன்ட்டுக்கெல்லாம் தானாவே எந்திரிச்சு நின்னான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலை கேஸிங் கழுவுறது. அன்னிக்கே பண்ணிடணும், ஒரு நாள் விட்டா உள்ள இருக்கிற கரி இறுகிடும், மூடியும் திருக வராது. சோப்புத் தண்ணில ஊறப்போட்டேன், பாத்திரம் தேய்க்கிற தொட்டில இல்ல, தனி வாளில, அந்த பாடம் போன தடவையே நடந்தாச்சு. மூத்தவ செக்லிஸ்டை திருத்திட்டு இருந்தா. மாஸ்கிங் டேப், ரெயில் பட்டன் ஸ்க்ரூ, இக்னைட்டர் கோடு, இதெல்லாம் சேத்துட்டு கடைசி வரில "தாத்தா குடை"ன்னு எழுதியிருக்கா. அடுத்தது ஐ மோட்டார், அதுக்கு 29 மில்லிமீட்டர் அடாப்டரை கழட்டிட்டு 38 போடணும். உள்ள ஒரு ஓ ரிங் ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது, குச்சியால நோண்டிட்டு இருக்கேன்.