அந்தப் பக்கம் அனுப்புவது

"டிரான்ஸ்மிஷன்ல சத்தம் வருதுண்ணே, கியர்பாக்ஸத் திறந்தாத்தான் தெரியும்" என்றார் மெக்கானிக்.

சாயங்காலம் திறந்தும் காட்டினார். ஒரே ஒரு பல்சக்கரத்தில் ஒரு பல்லின் விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

எஞ்சினின் சுழற்சி சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழிதான் டிரான்ஸ்மிஷன். ஆனால் வானொலி அலை போவதற்கும் மலேரியா பரவுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தானே!

லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே, அந்தப் பக்கம். 'மித்தெரே' என்றால் அனுப்புவது. மிஷன், மிஸைல், மெஸேஜ் எல்லாம் அந்த 'மித்தெரே' வழி வந்தவைதான்.

தமிழில் நாம் ஒரே சொல்லில் நிற்கவில்லை. வானொலிக்கு ஒலிபரப்பு, நோய்க்குப் பரவல், மின்சாரத்துக்குக் கடத்தல் என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, எது எப்படிப் போகிறது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்தப் பக்கம் அனுப்புவது என்றதும் வானொலியின் முன்னோடி மார்க்கோனி நினைவுக்கு வருகிறார். 1901 டிசம்பரில் அவர் கம்பியில்லாமல் அட்லாண்டிக்கைத் தாண்டி வாங்கியது வெறும் மூன்று புள்ளிகள், எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் முறையில் 'எஸ்' என்ற ஒரே எழுத்து. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அனுப்பினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அதைப் பிடிக்க ஆன்டெனா கம்பியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டிருந்தார். இதைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லித் தர வேண்டும்.