தண்ணீரின் பிறவிக் குணம்: நிலத்தடி நீரின் இயற்கை வேதித்தன்மையைக் கணிக்கும் வேலையில் கற்றவை

ஒரு கிணற்று நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 300 மி.கி. என்று அறிக்கை வருகிறது. ஜிப்சம் படிவு கரைந்து வந்ததா, மேலே யாராவது விட்ட கழிவிலிருந்து இறங்கியதா? மனிதர் கை படாவிட்டால் அந்த நீர் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதைத்தான் இயற்கைப் பின்னணி அளவு என்கிறோம். இதில் எல்லோரும் கேட்பது புள்ளியியல் முறையைப் பற்றி. ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் கிணற்றடியிலேயே.

முதலில் கிணற்றின் ஜாதகம் வேண்டும்: ஆழம், வடிகுழாய் (நீர் உள்ளே வரத் துளைகள் உள்ள குழாய்ப் பகுதி) எந்த மட்டத்தில் இருக்கிறது, துளையிட்டபோது எந்தப் பாறை வந்தது. இவை தெரியாத கிணற்றை எடுப்பதில்லை. வடிகுழாய் நீளமாக இருந்தால் இரண்டு மூன்று நீரடுக்குகள் கலந்து, எந்த அடுக்குக்கும் சொந்தமில்லாத ஒரு நீர் மேலே வரும். புதிதாகப் போட்ட போர்வெல்லில் பி.எச். 11ஐத் தொட்டால் அது பாறையின் வேலையாக இருக்காது, பெரும்பாலும் கேசிங்கைச் சுற்றி ஊற்றிய சிமெண்டின் வேலை. துத்தநாகப் பூச்சு போட்ட குழாய் இருந்தால் அந்தக் கிணற்றின் துத்தநாக அளவை நம்ப வேண்டாம்.

அடுத்து, தேங்கிய நீரை இறைத்துத் தள்ளுவது. 150 மி.மீ. விட்டக் கிணற்றில் 40 மீட்டர் நீர் நின்றால் கொள்ளளவு சுமார் 707 லிட்டர். மூன்று மடங்கு இறைக்க வேண்டும் என்றால் 2,120 லிட்டர். நொடிக்கு 1 லிட்டர் தரும் பம்புக்கு 35 நிமிடம். கணக்கு முடிந்துவிட்டதே என்று உடனே பாட்டிலை நீட்டக் கூடாது. சில நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகளில் பி.எச். 0.1க்குள்ளும், மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்ற பிறகே மாதிரி. ஊற்று குறைந்த கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைத்துவிட்டால், திரும்ப ஊறும் நீர் சுவரில் வழிந்து காற்றை வாங்கிக்கொண்டு இறங்கும். கரைந்த இரும்பு அங்கேயே துருவாகப் படியும். அங்கே நிமிடத்துக்கு 0.1 முதல் 0.5 லிட்டர் வரை மெதுவாக இறைப்பதே சரி.

பி.எச்., வெப்பநிலை, கரைந்த ஆக்ஸிஜன் மூன்றையும் வாளியில் பிடித்து அளக்காதீர்கள். காற்றுப் படாமல் நீர் ஓடும் மூடிய கலத்தில் மின்முனைகளைச் செருகி அளக்க வேண்டும். நிலத்தடியில் அழுத்தத்தில் இருந்த கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறியதுமே பி.எச். ஏறத் தொடங்கிவிடும். ஆய்வகத்தில் மறுநாள் அளந்த பி.எச். அந்தப் பாட்டிலின் பி.எச். மட்டுமே.

ஒரு கிணற்றுக்குக் குறைந்தது இரண்டு பாட்டில். இரண்டுக்கும் 0.45 மைக்ரான் வடிகட்டி. ஒன்றில் உயர்தூய நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.ஐ 2க்குக் கீழே இறக்குகிறோம், அது உலோகங்களுக்கு. லிட்டருக்கு 2 மி.லி. அடர் அமிலம் சாதாரணமாகப் போதும். பைகார்பனேட் மிகுந்த நீர் கூடுதலாகக் கேட்கும். சோதிக்கும்போது பி.எச். தாளைப் பாட்டிலுக்குள் விடாமல் ஒரு சொட்டைத் தாளில் விட்டுப் பாருங்கள். அமிலம் சேர்க்காத பாட்டில் குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட்டுக்கு. விளிம்பு வரை நிரப்பிக் குளிரில் வைக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது: அமிலம் முதலில், வடிகட்டுவது பிறகு என்றால் மிதக்கும் களிமண்ணும் துருவும் கரைந்து, அலுமினியமும் இரும்பும் எகிறிவிடும். வடிகட்டாமலும் அமிலம் விடாமலும் வைத்த பாட்டிலின் அடியில் ஆரஞ்சுப் படிவு தெரிந்தால், இரும்போடு ஆர்செனிக்கும் அதில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

காரத்தன்மையைக் களத்திலேயே பார்த்துவிடுகிறோம். 100 மி.லி. நீர், 0.02 நார்மல் கந்தக அமிலம், பி.எச். 4.5 வரை. செலவாகும் ஒவ்வொரு மி.லி. அமிலமும் லிட்டருக்கு 10 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம், அதை 1.22ஆல் பெருக்கினால் பைகார்பனேட்.

களத்தில் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அயனிச் சமநிலை காட்டிக்கொடுக்கும்: நீரில் நேர்மின் அயனிகளின் (நேரயனி) மொத்த மின்னூட்டமும் எதிர்மின் அயனிகளின் (எதிரயனி) மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு மாதிரி நீரை எடுத்துக்கொள்வோம்: கால்சியம் 80, மெக்னீசியம் 24.3, சோடியம் 46, பொட்டாசியம் 4 மி.கி. சமான எடைகளால் வகுத்தால் நேரயனிகள் மொத்தம் 8.09 மில்லி ஈக்விவலண்ட் (மின்னூட்டத்தை எண்ணும் அலகு). பைகார்பனேட் 305, குளோரைடு 71, சல்ஃபேட் 48, நைட்ரேட் 5 என்றால் எதிரயனிகள் 8.08. கச்சிதம். இதே நீரை ஒரு வாரம் வைத்திருந்து, பைகார்பனேட் 244 என்று அளந்தால் எதிரயனிகள் 7.08க்கு இறங்கும், பிழை (இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தது) 6.7 சதவீதம். அமிலம் விட்ட பாட்டிலில் கால்சியம் அப்படியே இருக்க, மற்றதில் சுண்ணாம்பு படிந்துவிட்டது. நேரயனி மிகுந்த பிழை பல கிணறுகளில் ஒரே திசையில் வந்தால் ஆய்வகத்தைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுகிறோம்.

இனி மனிதக் கலப்படம் உள்ளவற்றைக் கழிக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல் இருந்தால் வெளியே என்பது ஐரோப்பாவில் பழகிய விதி. ஆய்வகம் எதைத் தருகிறது என்று பாருங்கள்: நைட்ரேட்டாக 10 என்பது நைட்ரஜனாக 2.26 மட்டுமே. இதைக் கவனிக்காமல் விட்டால் அசுத்தமான கிணறுகள் பாதி உள்ளே வந்துவிடும்.

பெரிய பொறி வேறொன்று. ஆக்ஸிஜன் இல்லாத நீரடுக்கில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைத் தின்றுவிடும். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் அந்த வினையிலேயே சல்ஃபேட் உயரும். நைட்ரேட் பூஜ்யம் என்று அந்தக் கிணற்றைச் 'சுத்தம்' பட்டியலில் போட்டால், உரம் உண்டாக்கிய சல்ஃபேட்டை இயற்கை என்று எழுதிவிடுவோம். அதனால் கரைந்த ஆக்ஸிஜன் குறைந்த கிணறுகளில் நைட்ரேட்டை அளவுகோலாக வைப்பதில்லை. அம்மோனியம், பூச்சிக்கொல்லி எச்சம், டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம், அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் பெருகியது) ஆகியவற்றைப் பார்க்கிறோம். டிரிட்டியம் அகப்படாத நீர் பெரும்பாலும் 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் பூமிக்குள் இறங்கியது.

மிஞ்சிய கிணறுகளைப் பாறை வகைப்படி பிரித்த பிறகே எண்களைத் தொடுங்கள். கிரானைட்டும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே கூடையில் விழுந்தால், கால்சியம் குறைந்த நீரில் இயல்பாகவே ஏறும் ஃபுளோரைடு அங்கே விபரீதம் போலத் தெரியும். பல முறை எடுத்த கிணற்றுக்கு அதன் இடைநிலை மதிப்பை மட்டும் வையுங்கள். இல்லையென்றால் அடிக்கடி போன கிணறே முடிவைத் தீர்மானிக்கும். கண்டறியும் வரம்புக்கு (கருவியால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு) கீழே உள்ளவற்றைப் பூஜ்யம் என்று நிரப்பாதீர்கள். வரம்பில் பாதி என்று போடுவதும் அவை சொற்பமாக இருக்கும்போது மட்டுமே தாங்கும்.

இயற்கைப் பின்னணியின் மேல் எல்லையாக 90 அல்லது 97.7 சதமானத்தை, அதாவது அத்தனை சதவீத மதிப்புகள் எதற்குக் கீழே விழுகின்றனவோ அந்த அளவை, எடுப்பது வழக்கம். கிணறுகள் குறைவென்றால் 90ஓடு நிற்கிறோம். அதற்கு முன் மதிப்புகளை மடக்கை (லாக்) அளவில் நிகழ்தகவுத் தாளில் (மதிப்புகளின் பரவலைக் காட்டும் வரைபடத் தாள்) குறித்துப் பார்ப்பது நல்லது. ஒரே மூலம் என்றால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் வரும். மேல் முனையில் கோடு உடைந்து திரும்பினால், அந்தப் புள்ளிகளின் களக் குறிப்பேட்டைத் திறந்து, இறைத்த அளவையும் குழாய் வகையையும் முதலில் பார்க்கிறோம்.