பழைய ஆயில் இன்ஜினுக்கு எந்த பேக்கிங் போடுவது

தாத்தா கிணற்றில் ஓடிய லிஸ்டர் கம்பெனி டீசல் இன்ஜினை இரண்டு மாதமாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒற்றை சிலிண்டர், 6 ஹெச்பி, நிமிடத்துக்கு 650 சுற்று. கழுவுவதும் துரு எடுப்பதும் பொறுமை இருந்தால் முடிந்துவிடும், ஆனால் பேக்கிங், அதாவது இரண்டு பாகம் சேரும் இடத்தில் நடுவே வைக்கும் கேஸ்கெட், அந்த விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன்.

சிலிண்டருக்கு அடியில், கிராங்க் கேஸ் என்ற அடிப்பெட்டி மேல் உட்காரும் பேக்கிங் இருக்கிறதே, அதை எண்ணெய் கசியாமல் இருக்கத்தான் என்று நினைத்து கையில் கிடைத்த தடித்த ஷீட்டை வெட்டிப் போட்டேன். கைப்பிடி போட்டு எத்தனை சுற்றுச் சுற்றியும் வெறும் வெள்ளைப் புகைதான். அப்புறம்தான் உறைத்தது: அங்கே பேக்கிங் தடிமன் கூடினால் சிலிண்டர் அந்த அளவுக்கு மேலே போகும், பிஸ்டனுக்கும் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இடம் கூடி கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தும் அளவு, குறையும், டீசல் பற்றும் அளவுக்குக் காற்று சூடாகாது. அளவுக்கு மீறி மெல்லியதாகப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் இடித்துவிடும், அது இன்னும் மோசம். அதனால் மெல்லிய ஆயில் பேப்பரையே ஒன்றிரண்டாக அடுக்கி, பிஸ்டன் தலையில் ஈயக் கம்பி வைத்து, ஹெட்டை முறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, நசுங்கிய கம்பியை அளந்து மேனுவலில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தேன்.

ஹெட்டுக்குத் தனிச் செம்பு கேஸ்கெட். செம்பு அழுத்தி அழுத்தி இறுகிப்போகும், அதனால் போடும் முன் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி இளக்க வேண்டும். கழற்றிய பழையது செம்புக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்தது. அந்தக் காலத்து இன்ஜினைப் பிரிப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள், அதை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. நன்றாக நனைத்து, மாஸ்க் போட்டு எடுத்து, ஈரத்தோடு பையில் கட்டிவிடுங்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம்.

சைடு மூடிக்கு கார்க் ஷீட் போதும், அங்கே அழுத்தமும் இல்லை, பெரிய சூடும் இல்லை, வளைந்த தகட்டுக்கும் கார்க் ஒத்துப்போகும். டீசல் படும் இடத்தில் சாதாரண ரப்பர் வேண்டாம், ஊறி உப்பிவிடும், டீசலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்குங்கள். பேப்பரின் இரண்டு பக்கமும் லேசாக கிரீஸ் தடவினால் அடுத்த முறை கிழியாமல் வரும். பேக்கிங்குக்குப் பதில் சிலிக்கான் பசையைப் பிதுக்கிப் பூசுவது எனக்குப் பிடிக்கவே இல்லை, உள்பக்கம் வழிந்தது பிய்ந்து எண்ணெயில்தான் விழும்.

நேற்று சாயங்காலம் மூன்றாவது சுற்றிலேயே பற்றிக்கொண்டது. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்.