கடைசியாக வெயில் பட்ட நாள்

"போர் போடப் போறீங்களாம்மா?"

முதுகுக்குப் பின்னால் குரல் வந்தபோது மணி ஆறே முக்கால் இருக்கும். பூண்டிப் பக்கம், கொசஸ்தலை ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடை. மழைத்தண்ணீர் அரித்து அரித்து இரண்டு ஆள் உயரத்துக்கு அறுத்துவைத்த கரை. அதில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே ஈரத்தோடு தெரிந்த புது மண்ணில் எஃகுக் குழாயை வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தேன். குழாய் 25 செ.மீ. நீளம். தலைக்கு மேல் தார்ப்பாய், அதன் மேல் இரண்டு மடிப்பாகக் கறுப்புத் துணி. ஆடு ஓட்டி வந்த பெரியவர் துணி ஓரத்தில் நின்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா. இந்த மண்ணு மேல கடைசியா வெயில் எப்பப் பட்டுச்சுன்னு பாக்கணும். அதான் வெயில் படாம எடுக்குறோம்."

அவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது மண்ணுக்கு ஞாபகம் இருக்குமா?"

இருக்கும். எம்.ஏ. தொல்லியல் ஆய்வேட்டுக்காக அந்த ஞாபகத்தை வெளியே எடுக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இதில் நான் வந்து விழுந்ததற்குக் காரணம் ஒரு மனப்பாடம். டிரையோபித்தகஸ், ராமாபித்தகஸ், ஆஸ்ட்ரலோபித்தகஸ் என்று பள்ளியில் ஒப்பித்த மனித முன்னோர் வரிசை. சிவாலிக் மலையில் 1930களில் கிடைத்த ஒரு தாடைத்துண்டை வைத்து, ராமாபித்தகஸ் நம் முன்னோன், மனிதக் கிளை 1.4 கோடி ஆண்டுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1967இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, நாமும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். எலும்பு ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்கவில்லை. பிறகு பாகிஸ்தானின் பொத்வார் பீடபூமியில், பழங்கால வாலில்லாக் குரங்கான சிவாபித்தகஸின் முகம் கிடைத்து, 1982இல் அதன் விவரம் வெளியானது. அச்சாக ஒராங்குட்டான் சாயல். ராமாபித்தகஸ் தனிப் பெயராக நிற்கக்கூட முடியாமல் சிவாபித்தகஸுக்குள்ளேயே சேர்ந்துபோனது. முதலாமாண்டு வகுப்பில் மேடம் இதைச் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வரிசையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் எலும்பிலிருந்து வருவதில்லை. இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கார்பன்-14 முறையில் எலும்பையே அளக்கலாம், ஆனால் அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த ஆதிமனித எலும்புக்கூடு லூசிக்கு 31.8 லட்சம் ஆண்டு என்கிறோம் என்றால், அது அவளுடைய எலும்பைச் சூழ்ந்த அடுக்குகளில் இருந்த எரிமலைச் சாம்பலின் வயது. சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் மெல்ல மெல்ல ஆர்கானாக மாறுவதை அளந்து சொன்னது. எத்தியோப்பியாவுக்கும் கென்யாவுக்கும் எரிமலைகள் வாய்த்தன. நம் தென்னிந்தியப் படிவுகளில் அந்த வசதி அநேகமாக இல்லை. சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்துச் சுமார் 74,000 ஆண்டுக்கு முன் பறந்துவந்த சாம்பல் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரம் போன்ற இடங்களில் கிடக்கிறது. அதற்கும் கீழே போக வேண்டுமானால் மணலிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டிருக்கிறார்கள், எங்கள் ஓடைக்குப் பக்கத்திலேயே. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதல் கற்காலக் கைக்கோடரியை எடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். அந்தக் கருவிகளுக்கு உறுதியான வயது சொல்ல ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆனது. தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழ்ந்தார்கள். விண்கதிர் பட்டுக் கல்லில் உருவாகும் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டையும் அளந்ததில், கீழடுக்குக் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழையவை என்று 2011இல் தெரிந்தது. 2018இல் மேலடுக்குகள்: இடைப் பழைய கற்காலச் செதில் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டன. இதைச் சொன்னது மணல்மணிக்குள் தங்கியிருந்த ஒளி. செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. அவர்கள் யார் என்று கல்லையும் மண்ணையும் வைத்துத்தான் யோசிக்கிறோம்.

நான் எடுத்தது இரண்டு குழாய். மேலடுக்குக்கு ஒன்று, குவார்ட்சைட் என்ற கடினக் கல்லின் செதில்கள் பதிந்திருந்த கீழடுக்குக்கு ஒன்று. இருமுனையையும் அலுமினியத் தாளால் அடைத்துக் கறுப்பு டேப் சுற்றினோம். குழாயைச் சுற்றி இருந்த மண்ணையும் தனிப் பையில் கட்டினோம். அனுமதிக் கடிதங்களுக்கு அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். எல்லா ஊரிலும் ஒரே கதைதான்.

இருட்டறையில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். முதல் பத்து நிமிடம் கை எங்கே, குவளை எங்கே என்று தெரியாது. குழாயின் இரு முனையிலும் இரண்டு அங்குல மண்ணை முதலில் ஒதுக்க வேண்டும், சுத்தியடிக்கும்போது அதில் வெளிச்சம் பட்டிருக்கலாம். நடு மண்ணுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சுண்ணாம்பு நுரைத்துப் போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் வேர், தழை போகும். பிறகு சல்லடை. 90 முதல் 150 மைக்ரான் வரையுள்ள மணிகள் போதும், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதன்பின் சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல், தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. அடர்த்தியைச் சரியாக வைத்தால், மணலில் கலந்திருக்கும் இரண்டு கனிமங்களில் ஃபெல்ட்ஸ்பார் மேலே மிதக்கும், குவார்ட்ஸ் கீழே இறங்கும்.

இங்கேதான் தவறு செய்தேன். எனக்குத் தேவை குவார்ட்ஸ் என்பதால், மிதந்ததை வடித்து ஓரமாக வைத்தேன். லேபில் எங்களுக்கு உதவும் அண்ணா, "அதையும் இருட்டுலயே எடுத்து வைம்மா" என்றார். கேட்டுக்கொண்டேன், செய்யவில்லை. மறுநாள் அது வெளி மேசையில் டியூப்லைட் வெளிச்சத்தில் இருந்தது. எத்தனையோ ஆயிரம் ஆண்டு சேர்த்துவைத்ததை அந்த ஒரு பகல் காலி செய்துவிட்டது.

அடுத்தது 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். மணியின் மேல்தோலைக் கரைக்கவும், ஒட்டியிருக்கும் மிச்ச ஃபெல்ட்ஸ்பாரை அழிக்கவும் இது வேண்டும். தோலில் பட்டால் உடனே வலிக்காமலே எலும்புவரை இறங்கும் அமிலம் இது. கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. தனியாக இருக்கும்போதும் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

மிஞ்சியது ஒரு சிட்டிகை வெள்ளை மணல். ஒரு செ.மீ. அகல எஃகு வட்டுகளில் சிலிகோன் எண்ணெய் தடவி, அந்த மணிகளை ஒட்டவைத்துக் கருவிக்குள் அடுக்கினோம்.

மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இவற்றின் கதிர்வீச்சு பட்டுப் பட்டு, மணிக்குள் உள்ள படிகக் குறைகளில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்கின்றன. வெயில் பட்டால் சில நிமிடத்தில் வெளியேறிவிடும். மண் மூடிய பிறகு மீண்டும் சேரும். கருவி நீல ஒளியைப் பாய்ச்சும், சிக்கியிருந்தவை விடுபட்டு ஒளியாக வரும். அதே மணிக்கு நாமே தெரிந்த அளவு கதிர்வீச்சு கொடுத்து, எவ்வளவுக்கு எவ்வளவு ஒளி வருகிறது என்று கோடு போடுகிறோம். மொத்தம் வாங்கிய அளவை ஆண்டுக்கு வாங்கும் அளவால் வகுத்தால் வயது. தனிப் பையில் எடுத்த மண் அந்த ஆண்டு அளவுக்காகத்தான். மண்ணின் ஈரம்கூட விடையை மாற்றும்.

கருவி இரவெல்லாம் ஓடும். காத்திருந்த இரவுகளில் கூபி ஃபோராவைப் பற்றிப் படித்தேன். கென்யாவில் 1972இல் கிடைத்த 1470 எண் ஆதிமனித மண்டையோட்டுக்கு மேலிருந்த சாம்பலுக்கு ஆய்வகம் 26 லட்சம் ஆண்டு என்றது. பன்றிப் புதைபடிவங்களை ஆராய்ந்தவர்கள், அடுக்கில் இருக்கும் பன்றிப் பற்கள் அவ்வளவு பழையவை அல்ல என்றார்கள். பல ஆண்டுச் சண்டை. கடைசியில் சாம்பலின் வயது 19 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்று நிலைத்தது. பன்றிகள் சொன்னதே சரி. தென்னாப்பிரிக்காவின் ஹோமோ நலேடி என்ற ஆதிமனித இனம் 2015இல் அறிவிக்கப்பட்டபோது, உருவத்தையும் சிறு மூளையையும் பார்த்து 10, 20 லட்சம் ஆண்டு இருக்கும் என்று பலர் ஊகித்தார்கள். 2017இல் பல்லையும் குகைப் படிவையும் அளந்தபோது 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுக்குள்தான் வந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு மேடத்தின் கேள்வியின் கனம் புரிந்தது. "உன் செதில் அங்கேயே உடைஞ்சதா, தண்ணி உருட்டிட்டு வந்ததா?" நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982இல் அருண் சோனாகியா கண்ட ஆதிமனித மண்டையோட்டுக்கு இன்றுவரை உறுதியான வயது இல்லாததற்கும் இதுதான் காரணம், அது ஆற்றுச் சரளைக்குள் கிடந்தது. என் செதில்களில் ஒன்றை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினேன். கூர் மழுங்கவில்லை, விரல் நுனியில் ஒரு கோடு விழுந்தது. வெகுதூரம் உருண்ட கல் அல்ல.

மேலடுக்குக் கணக்கு நன்றாக வந்தது. கீழடுக்குக் கோடு கொஞ்ச தூரம் ஏறி, பிறகு படுத்துவிட்டது. இயற்கையாக வந்த ஒளி அந்தச் சமதளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. குவார்ட்ஸ் நிரம்பிவிட்டது என்பார்கள். பானை நிறைந்த பிறகு எத்தனை குடம் ஊற்றினோம் என்று பானையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு 2 கிரே (வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொண்டால், 200 கிரேயில் நிரம்பும் மணி 1 லட்சம் ஆண்டோடு கைவிரித்துவிடும். ஃபெல்ட்ஸ்பார் அதைவிடப் பல மடங்கு தாங்கும். என் ஃபெல்ட்ஸ்பார் டியூப்லைட்டில் போயிருந்தது.

அழுகை வந்தது. மேடம் திட்டவில்லை. அட்டவணையில் கீழடுக்கு எண்ணுக்கு முன்னால் "குறைந்தபட்சம்" என்று எழுதச் சொன்னார். "இதுவும் விடைதான், மறைக்காம எழுது. போய் இன்னொரு குழாய் எடுத்துட்டு வா."

ஐந்து மாதம் கழித்து அதே ஓடைக்குப் போனேன். மழையில் கரை இன்னும் ஒரு முழம் உள்வாங்கியிருந்தது. கீழடுக்கில் புதிதாக இரண்டு செதில்கள் எட்டிப்பார்த்தன. காற்று பலமாக அடித்ததில் கறுப்புத் துணி நிற்கவில்லை. ஆடுகளை மேட்டில் விட்டுவிட்டுப் பெரியவர் இறங்கி வந்து, கேட்காமலே துணியின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறு முனையைக் கையில் பிடித்தார்.

"சந்து வழியா வெளிச்சம் வருதான்னு பாத்துக்கம்மா" என்றார். பார்த்தேன், வரவில்லை. சம்மட்டியை எடுத்தேன்.