வீட்டில் கூப்பிடும் பெயர்

1993-இல் வேலூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்த அன்று எனக்கு முதல் வணக்கம் வைத்தவர் வாசலில் துப்பாக்கியோடு காவல் இருந்த கன்மேன். வணக்கம் என்றால் கை கூப்புவதில்லை. குதிகால் இரண்டும் சேர்ந்து 'டக்' என்று கேட்கும். அப்பா வயதுக்காரர். கூச்சமாகிவிட்டது. "வேண்டாம் ஐயா" என்றேன். "பழக்கம் தம்பி, காலு தானா சேருது" என்றார்.

ஊர் கம்மவான்பேட்டைப் பக்கம். பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம் என்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். சீனச் சண்டைக்கு மறுவருடம், 1963-இல், மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர். வெலிங்டனில் பயிற்சி, 1965 பாகிஸ்தான் சண்டையில் சியால்கோட் முனை, 15 வருடம் முடித்து 1978-இல் ஹவில்தாராக வெளியே வந்தார். அப்புறம் எங்கள் வங்கி. 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி, வாசலோரம் ஒரு மர ஸ்டூல்.

சண்டையைப் பற்றிக் கேட்காத ஊழியர் கிடையாது. எல்லாருக்கும் ஒரே பதில்தான். "ஒரே கரும்புக் கொல்லை. நம்ம ஊர் கரும்பாட்டமே இருந்துச்சு. ராத்திரி அதுக்குள்ள படுத்துக்கினு, வீட்டுல இப்ப யாரு தண்ணி கட்டறாங்களோன்னு நெனச்சேன்." அதற்கு மேல் வாயைப் பிடுங்க முடியாது.

சம்பளம் போட்ட மறுநாள் என் கவுண்டருக்கு வருவார். மூன்று பெண்களுக்கும் தனித்தனியே ஆர்.டி., மாதாமாதம் கட்டும் சேமிப்பு. மூன்று செலானும் பெரிய எழுத்தில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருக்கும். துப்பாக்கியைத் துடைக்க வைத்திருந்த பழைய பனியன் துணியைக்கூட நான்காக மடித்து வைக்கிறவர்.

2004-இல் எங்களிடமும் ஓய்வு பெற்றார். நானும் பல ஊர் சுற்றி அதே கிளைக்கு அதிகாரியாகத் திரும்பி வந்தேன். முன்னாள் ராணுவத்தினருக்கான 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின் நிலுவை ஏறியிருக்கிறதா என்று பார்க்க 2016-இல் வந்தவரிடம், பென்ஷன் ஆணையில் மனைவி பெயர் ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருப்பதைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

நடந்தது இதுதான். கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பியபோது, பட்டாளத்தில் பதிவு எழுதியவர் மனைவி பெயரைக் கேட்டிருக்கிறார். இவர் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார். "கட்டி ஒரு மாசம்கூட ஆவல தம்பி. எனக்கு அந்தப் பேருதான் தெரியும்" என்றார், எழுபது தாண்டிய மனிதர், வெட்கப்பட்டுக்கொண்டே. அடுத்த வாரமே பிரமாணப் பத்திரத்தோடு நின்றார். திருத்திய ஆணை அலகாபாத்தில் இருக்கும் ராணுவப் பென்ஷன் அலுவலகத்திலிருந்து வந்ததும் அதற்கு நான்கு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்.

நவம்பரில் உயிர்வாழ் சான்று. கருவியில் அவர் கட்டைவிரல் ரேகை விழாது. சட்டையில் துடைப்பார், தலைமுடியில் தேய்ப்பார், ஒன்றும் நடக்காது. கடைசியில் கண்ணைக் காட்டித்தான் முடிப்போம். எதிரில் ஆளே உட்கார்ந்திருக்க, உயிரோடு இருக்கிறார் என்று இயந்திரம் ஒப்புக்கொள்ளும்வரை நாங்கள் காத்திருப்போம். 2024-இல் எண்பது முடிந்ததால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும் என்றேன். "எண்பது வயசுல இன்க்ரிமென்ட்டா!" என்று கிளையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். அதுதான் அவர் கடைசியாக வந்தது. தையில் தவறிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா பெரிய மகளோடு வந்தார். கையில் ஒரு பச்சைக் கோப்பு. மேலே அந்தப் பெரிய எழுத்தில் வரிசை எண் போட்டிருந்தது. டிஸ்சார்ஜ் புத்தகம், திருத்திய ஆணை, கூட்டுக் கணக்குப் பாஸ்புத்தகம், ஒரு கவரில் அம்மாவின் பாஸ்போர்ட் படம் ஆறு. கடைசி எண்ணுக்கு எதிரே 'இறப்புச் சான்று' என்று அவரே எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தார். மகள் அதை மட்டும் செருகியிருந்தாள்.

படிவத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "உங்க பேரு சொல்லுங்கம்மா" என்றேன்.

சொன்னார்.

"அது இல்லம்மா, பள்ளிக்கூடத்துப் பேரு" என்றாள் மகள்.